நீல மூடி மட்டும் கோணிக்கொள்கிறது: ரீசைக்கிள் பி.பி.யில் நியூக்ளியேட்டர் ஒரு லாட்டில் வேலை செய்கிறது, அடுத்ததில் செய்வதில்லை, ஏன்?

மோல்டிங்தளம் கேட்டது:

வணக்கம். ரீசைக்கிள் பாலிப்ரொப்பிலீனில் வாளி மூடி அடிக்கிறோம். வட்ட மூடி, விட்டம் சுமார் 30 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, நடுவில் ஒரே ஒரு கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்). வெள்ளை, நீலம் என்று இரண்டு நிறம். வெள்ளை மூடியை மேசையில் வைத்தால் தட்டையாக உட்காருகிறது. நீல மூடி அதே மோல்டு, அதே குருணை, அதே வெப்பநிலையில் வந்தாலும் மறுநாள் காலையில் பார்த்தால் தட்டு மாதிரி குழிந்து நிற்கிறது, ஒரு விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் எதிர் விளிம்பு எழும்புகிறது.

இதற்கிடையே சைக்கிள் நேரத்தை, அதாவது ஒரு மூடி அடித்து எடுக்க ஆகும் நேரத்தைக் குறைக்கலாம் என்று நியூக்ளியேட்டர் (ஆறும்போது படிகம் சீக்கிரம் பிடிக்க வைக்கும் சேர்மானம்) மாஸ்டர்பேட்ச் ஒன்று வாங்கிப் போட்டோம், சேர்மானத்தை அடர்த்தியாக ஏற்றிய குருணை அது. சோடியம் பென்சோயேட் வகை என்று சொன்னார்கள். முதல் லாட்டில் நன்றாகவே வேலை செய்தது, மூடி சீக்கிரம் இறுகியது, குளிரூட்டும் நேரத்தில் 4 விநாடி மிச்சமானது. அடுத்த லாட் குருணை வந்தது. அதே அளவு போட்டோம், ஒன்றுமே நடக்கவில்லை, போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி. மூன்றாவது லாட்டில் ஏதோ கொஞ்சம் பலன் இருந்த மாதிரி தெரிந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விற்றவரிடம் கேட்டால் "அளவைக் கூட்டுங்கள்" என்கிறார். கூட்டினோம், செலவு கூடியதுதான் மிச்சம்.

எம்.எஃப்.ஐ. (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்ற எண்) மட்டும் எங்களிடமே பார்க்க முடியும், மூன்று லாட்டிலும் 12க்கும் 15க்கும் நடுவில்தான் வந்தது. வேறு சோதனை எதுவும் இல்லை, வெளியில் கொடுத்துப் பார்க்கத் தயார். என்ன பார்க்கச் சொல்வீர்கள்? ரீசைக்கிள் பிளாஸ்டிக் படிகமாவதைப் பற்றிப் படித்தால் எல்லாம் புது ரெசினை வைத்தே எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அழுக்கும் கலப்பும் உள்ள நிஜச் சரக்குக்கான பதில்.

---

வெப்பவரைபடம் பதில்:

உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினை இருக்கிறது, ஆனால் வேர் ஒன்றுதான். ரீசைக்கிள் குருணை வெறும் பாலிப்ரொப்பிலீன் இல்லை. அதற்குள் ஏற்கனவே பத்துப் பதினைந்து பேர் போட்ட சேர்மானம் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. டால்க், சுண்ணாம்பு, கார்பன் பிளாக், நிறமி, தயிர் டப்பா மாதிரித் தெளிவான டப்பாக்களில் போட்ட சார்பிட்டால் வகைக் கிளாரிஃபையர் (பிளாஸ்டிக்கைத் தெளிவாக்கும் நியூக்ளியேட்டர்), எல்லாமே உண்டு. அரைத்தாலும் கழுவினாலும் உருக்கினாலும் இதில் பெரும்பாலானவை போவதில்லை. நீங்கள் போடும் நியூக்ளியேட்டர் காலி மைதானத்தில் இறங்கவில்லை, ஏற்கனவே ஆள் நிறைந்த இடத்தில் இறங்குகிறது.

அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் தாண்டிப் போங்கள். உருகிய பி.பி. ஆறும்போது முதலில் அங்கங்கே சின்னச் சின்னக் கருக்கள் உருவாகின்றன, அப்புறம் ஒவ்வொரு கருவிலிருந்தும் படிகம் நாலா பக்கமும் வளர்ந்து உருண்டையாகிறது, பக்கத்து உருண்டையில் முட்டும்போது நிற்கிறது. இதில் பி.பி.க்குக் கரு உருவாவதுதான் கஷ்டம். வெளியிலிருந்து ஒரு திடமான துகள், அதன் மேற்பரப்பு பி.பி. சங்கிலி ஒட்டிப் படிவதற்கு ஏற்ற மாதிரி இருந்தால், அங்கேயே கரு பிடித்துக்கொள்ளும். அதனால் அதிக வெப்பநிலையிலேயே படிகமாதல் தொடங்கிவிடுகிறது, உருண்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொன்றும் சிறுத்துப்போகிறது. மொத்தப் படிக அளவு பெரிதாக மாறுவதில்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாறுவது எப்போது, எவ்வளவு வேகமாக, எந்த அமைப்பில் என்பதுதான்.

இதை எண்ணாகப் பார்க்க டி.எஸ்.சி. சோதனை கொடுங்கள், மாதிரியைச் சூடாக்கி ஆறவைத்து அது எந்த வெப்பநிலையில் உருகுகிறது, படிகமாகிறது என்று வரைபடமாகக் காட்டும் சோதனை அது. 5 முதல் 10 மில்லிகிராம் போதும். ஆனால் "டி.எஸ்.சி. செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் உருகுநிலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அது 160 முதல் 165க்குள் வரும், உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சூடாக்கு, ஆறவை, மறுபடி சூடாக்கு என்ற மூன்று கட்டமும் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். முதல் சூட்டில் 220 டிகிரி வரை கொண்டுபோய்ச் சில நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், பழைய படிகத்தின் நினைவு அழிய வேண்டும். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கும் ஆறும் வரைபடம். அதில் வரும் மேட்டின் உச்சி எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றும் சேர்க்காத ஹோமோபாலிமர் பி.பி.யில் (சங்கிலியில் ப்ரொப்பிலீன் மட்டுமே உள்ள வகை) அந்த உச்சி 110 முதல் 115 டிகிரிக்குள் இருக்கும். நல்ல நியூக்ளியேட்டர் போட்டால் 125, சிலதில் 130ஐயும் தொடும். இப்போது உங்கள் லாட்டுகளை யோசியுங்கள். முதல் லாட் சொந்தமாகவே 114 என்று இருந்திருந்தால் உங்கள் மாஸ்டர்பேட்ச் 10 டிகிரி ஏற்றியிருக்கும், அந்த 4 விநாடி அங்கிருந்து வந்தது. இரண்டாவது லாட் எதுவும் போடாமலேயே 123 என்று இருந்தால்? அதில் டால்க்கோ கிளாரிஃபையரோ ஏற்கனவே வேலையைச் செய்து முடித்திருக்கிறது. நீங்கள் போடுவது அதோடு ஒன்றோ இரண்டோ டிகிரி கூட்டினால் பெரிய விஷயம். "அளவைக் கூட்டுங்கள்" என்பது இதற்குப் பதிலே இல்லை. எந்த நியூக்ளியேட்டரும் ஒரு அளவுக்கு மேல் போட்டால் பயன் தட்டையாகிவிடும்.

இந்த உச்சவரம்பை அளக்கவே ஒரு முறை உண்டு. 1993இல் ஃபியோன் குழுவினர் ஒரு திறன் அளவுகோல் கொடுத்தார்கள். ஒரு பாலிமருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கரு அதன் சொந்தப் படிகத் துணுக்கேதான், அதை முழுக்க உருக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்து ஆறவைத்தால் வரும் வெப்பநிலை மேல் எல்லை. கரு எதுவும் சேர்க்காதபோது வருவது கீழ் எல்லை. உங்கள் சேர்மானம் இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் ஏற்றுகிறது என்பதைச் சதவீதமாகச் சொல்லலாம். ரீசைக்கிள் சரக்கில் கீழ் எல்லையே லாட்டுக்கு லாட் நகர்கிறது, அதுதான் உங்கள் தலைவலி.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் குருணையில் பாலிஎத்திலீன் (பி.இ.) கலப்பு நிச்சயம் இருக்கும், வாளி, மூடி, பாட்டில் எல்லாம் சேர்ந்து வருகிற சரக்கில் அது தவிர்க்க முடியாதது. சூடாக்கும் வரைபடத்தில் 125 முதல் 130க்குள் சின்ன மேடு தெரிந்தால் அது ஹெச்.டி.பி.இ., அதாவது அடர்த்தி கூடிய பி.இ. ஆனால் ஆறும்போது அதன் உச்சி 116, 118 பக்கம் வரும், நியூக்ளியேட் ஆகாத பி.பி.யின் உச்சியும் அதற்குப் பக்கத்திலேயேதான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே மேடாகத் தெரியும், அதைப் பார்த்து "பி.பி. 117இல் படிகமாகிறது, நியூக்ளியேட் ஆகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானே ஒருமுறை இப்படி ஏமாந்து ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

அடுத்து, படிக சதவீதம் கணக்குப் போடும்போது சாம்பலையும் (எரித்தால் மிஞ்சும் டால்க், சுண்ணாம்பு மாதிரிக் கனிமம்) பி.இ.யையும் கழியுங்கள். முழுப் படிக பி.பி.க்கு உருகுவெப்பம் கிராமுக்கு 207 ஜூல் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மாதிரியில் 80 ஜூல் வந்தால் நேரே வகுத்து 39 சதவீதம் என்பார்கள். அதில் 10 சதவீதம் டால்க்கும் 10 சதவீதம் பி.இ.யும் இருந்தால் நிஜத்தில் பி.பி. 80 சதவீதம்தான், அப்படிப் பார்த்தால் 48 சதவீதம் வரும். இந்தத் திருத்தம் இல்லாமல் "ரீசைக்கிளில் படிகத்தன்மை குறைந்துவிட்டது" என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

கலவைஉருளை பதில்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் காம்பவுண்டிங் (பிளாஸ்டிக்கில் சேர்மானம் கலந்து குருணையாக்கும் வேலை) பக்கத்திலிருந்து நீல மூடிக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், இதே நீலத்தோடு நான் பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

உங்கள் நீல மாஸ்டர்பேட்ச்சில் இருப்பது பெரும்பாலும் தாலோசயனின் நீலமாகத்தான் இருக்கும். நல்ல அடர்த்தி, வெயில் தாங்கும், கொஞ்சம் போட்டாலே நிறம் பிடிக்கும், அதனால் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். ஆனால் அது நிறமி மட்டும் இல்லை, பலமான நியூக்ளியேட்டரும் கூட. ஹெச்.டி.பி.இ.யில் பெட்டி (crate), பாட்டில் மூடி செய்பவர்கள் எல்லோருக்கும் இது பழைய பகையாளி, பி.பி.யிலும் விடுவதில்லை. தாலோசயனின் பச்சையும் அதே குடும்பம், அதே குணம். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு இந்த விஷயத்தில் சாது.

ஏன் கோணுகிறது என்றால், உருகிய பிளாஸ்டிக் கேட்டிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும்போது நீண்ட வடிவமுள்ள நிறமித் துகள்கள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்கின்றன. படிகம் அவற்றின் மேல் பிடித்து வளர்வதால் அதுவும் ஒரு திசை பார்த்தே அடுக்காகிறது. ஆகவே மூடி ஓட்டத்தின் திசையில் ஒரு அளவும் குறுக்குத் திசையில் வேறு அளவும் சுருங்குகிறது. நடுவில் கேட் உள்ள வட்ட மூடியில் இது அப்படியே முகத்தில் தெரியும், ஆரத்துக்கும் சுற்றளவுக்கும் ஒத்துப்போகாது, ஒன்று குழியும் அல்லது குதிரைச் சேணம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். மோல்டு வெப்பநிலையையும் ஹோல்டிங் பிரஷரையும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள், கொஞ்சம் குறையும், போகாது.

வழி இரண்டு இருக்கிறது. முதலாவது நிறமியை மாற்றுவது. அல்ட்ராமரைன் நீலம் மாதிரிக் கனிம நிறமிகள் படிகமாதலில் அவ்வளவாகத் தலையிடாது. ஆனால் நிறம் பிடிக்க அதிகம் போட வேண்டும், சாயலும் கொஞ்சம் வேறு, அமிலம் பட்டால் வெளுத்துப்போகும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் இதுதான் சுலபம். இரண்டாவது வழி, தாலோசயனினை விட வேகமாகக் கருப்பிடிக்கும் ஒரு நியூக்ளியேட்டரைப் போட்டு அதன் குரலை அமுக்குவது. எல்லா நிறத்திலும் அதே நியூக்ளியேட்டர் முந்திக்கொண்டால் வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுருக்கம் ஒன்றாகிவிடும். பெரிய காம்பவுண்டர்கள் செய்வது இதைத்தான். அதற்கு எந்த நியூக்ளியேட்டர் என்பது முக்கியம். சில பாஸ்பேட் எஸ்டர் சோடியம் உப்பு வகைகள் படிக வெப்பநிலையை நன்றாக ஏற்றும், ஆனால் அவற்றின் துகளும் ஊசி மாதிரிதான், அவையும் ஓட்டத்தில் படுத்துத் திசைச் சுருக்கத்தைக் கூட்டும். ஆகவே விற்பவரிடம் "எத்தனை டிகிரி ஏற்றும்" என்று கேட்பதோடு நிற்காமல், ஓட்டத் திசையிலும் குறுக்கிலும் சுருக்கம் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் கேளுங்கள். ஒரே எண் கொடுத்தால் அந்தப் பேச்சு வேண்டாம்.

இப்போது உங்கள் சோடியம் பென்சோயேட் ஏன் இரண்டாவது லாட்டில் படுத்துவிட்டது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை யாரும் சொல்லவில்லை. கால்சியம் ஸ்டியரேட். புது பி.பி.யில் கேட்டலிஸ்ட் மிச்சம் விடும் அமிலத்தை அடக்க அதைப் போடுவார்கள், மாஸ்டர்பேட்ச்சில் நிறமி பரவவும் வழுக்கவும் போடுவார்கள், ஆக ரீசைக்கிள் சரக்கில் அது எப்போதும் கொஞ்சம் இருக்கும், சில லாட்டில் நிறையவே இருக்கும். சோடியம் உப்பு வகை நியூக்ளியேட்டர்களுக்கு அது ஆகாது. சோடியமும் கால்சியமும் இடம் மாறிக்கொள்கின்றன, நியூக்ளியேட்டரின் பலம் கரைந்துவிடுகிறது. புது ரெசினில் இதைத் தெரிந்தே கால்சியம் ஸ்டியரேட்டுக்குப் பதிலாக ஹைட்ரோடால்சைட் போடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. அதனால் ரீசைக்கிளுக்கு நியூக்ளியேட்டர் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டியரேட்டுக்கு அசையாத வகையைத் தேடுங்கள். நுண்ணிய டால்க் அப்படி ஒன்று. ஒரு சதவீதம் நல்ல நுண் டால்க் போட்டாலே நியூக்ளியேட்டராக அதிலிருந்து கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும், அதற்கு மேல் போடுவது விறைப்புக்காகத்தான்.

சோதனைக்கு வெளியே அனுப்புமுன் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலும் 10 கிராம் குருணையை எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, நல்ல காற்றோட்டத்தில் முதலில் மெதுவாக எரியவிட்டு, அப்புறம் உலையில் 600 டிகிரியில் வைத்து, மிஞ்சும் சாம்பலை எடை போடுங்கள். பிறகு அந்தச் சாம்பல் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் கால்சியம் கார்பனேட். நுரைக்காமல் விரலில் தேய்த்தால் வழவழவென்று சோப்பு மாதிரி இருந்தால் (அமிலம் படாத பகுதியைத் தேய்க்கவும்) டால்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். டால்க் வந்தால் அந்த லாட் ஏற்கனவே நியூக்ளியேட் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது, அதுவும் ஸ்டியரிக் அமிலம் பூசிய சுண்ணாம்பாக இருந்தால் கருப்பிடிக்கும் திறன் ரொம்பவே குறைவு.

"எங்கள் சப்ளையர் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிரித்துத்தான் தருகிறார், டால்க் மூழ்கிப்போயிருக்குமே" என்று கேட்கலாம். 20 சதவீத டால்க் பி.பி.யின் அடர்த்தி 1.04 பக்கம் வரும், அது மூழ்கும். ஆனால் கணக்குப் போட்டால் 13, 14 சதவீதம் வரை டால்க் உள்ள சில்லு ஒன்றுக்குக் கீழேயே இருக்கும், ஜம்மென்று மிதந்து உங்கள் குருணைக்குள் வந்துவிடும்.

---

மோல்டிங்தளம்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. சாம்பல் சோதனையை நாளைக்கே செய்கிறேன், பழைய லாட்டுகளில் ஒவ்வொரு பை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். மூன்று லாட்டிலும் எம்.எஃப்.ஐ. கிட்டத்தட்ட ஒன்றே, அப்படியானால் மூலக்கூறு நீளம் இதில் ஒரு காரணமே இல்லை என்று விட்டுவிடலாமா? திரும்பத் திரும்ப உருக்கினால் சங்கிலி அறுந்து சீக்கிரம் படிகமாகும் என்று எங்கோ படித்தேன். ஆன்டி ஆக்சிடன்ட் போட்டால் அது மாறுமா?

---

பெட்சில்லு பதில்:

நான் பி.பி. ஆள் இல்லை, பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டில் சில்லில் வேலை செய்கிறேன், ஆனால் சங்கிலி நீளக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் இன்னும் பளிச்சென்று தெரியும், அதனால் நுழைகிறேன்.

உங்களுக்குப் படிகமாதல் மெதுவாக இருக்கிறது, வேகம் வேண்டும் என்கிறீர்கள். எங்களுக்கு நேர் எதிர். ரீசைக்கிள் பெட் புது பெட்டை விட வேகமாகப் படிகமாகும், ப்ரீஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்குவதற்கு முன் இருக்கும் குழாய் வடிவம்) பனி படர்ந்த மாதிரி மங்கிவிடும். காரணம் இரண்டு, இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஒன்று சங்கிலி அறுவது. பெட்டில் ஈரம் இருந்து உருக்கினால் தண்ணீரே சங்கிலியை வெட்டிவிடும், அதனால்தான் 160, 170 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்தி ஈரத்தை 50 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவருகிறோம். சங்கிலி குட்டையானால் அது சுலபமாக நகர்ந்து தன் இடத்தில் போய் உட்காரும், படிகம் வேகமாக வளரும். மற்றது கரு. கழுவியும் போகாத பசை, நிறமி, வேறு பாலிமர்த் துணுக்கு எல்லாம் கருவாக நிற்கும். ஆறும் வரைபடத்தில் உச்சி மேலே நகர்ந்திருப்பதைப் பார்த்தால் எது எவ்வளவு பங்கு என்று உடனே சொல்ல முடியாது, பிசுக்குமையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்லலாம்.

சேர்மானம் என்ன செய்யும் என்பதற்கு எங்களிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. சங்கிலியை மறுபடி நீட்ட பைரோமெல்லிட்டிக் டை அன்ஹைட்ரைடு அல்லது பல எபாக்சி முனை உள்ள செயின் எக்ஸ்டெண்டர் போடுவோம். பிசுக்குமை ஏறும், கூடவே கிளைகளும் முளைக்கும், கிளை வந்தால் சங்கிலி வரிசையில் அடுக்கப்படுவது தடைபட்டுப் படிகமாதல் மெதுவாகும். ப்ரீஃபார்முக்கு அது நல்லது. அடுப்பில் வைக்கும் படிக பெட் தட்டு செய்பவருக்கு அதே விஷயம் தொந்தரவு, அவர் அதற்கு மேல் நியூக்ளியேட்டர் சேர்க்க வேண்டிவரும். சோடியம் பென்சோயேட் பெட்டிலும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விதம் வேறு. அது பெட் சங்கிலியோடு வினைபுரிந்து அறுத்து, அறுந்த முனையில் சோடியத்தை ஒட்டவைக்கிறது, அந்த முனைகள்தான் கரு. அதாவது கருவுக்கு விலையாகச் சங்கிலி நீளத்தைக் கொடுக்கிறீர்கள். ஏற்கனவே அறுந்து தளர்ந்த ரீசைக்கிள் பெட்டில் அதைப் போட்டு விட்டு, பண்டம் அப்பளம் மாதிரி உடைகிறதே என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே டால்க் போட்டால் சங்கிலிக்குச் சேதம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்மானம் என்றால் தூள் மட்டும்தான் என்று நினைக்கிறோம். பாட்டில் பெட்டில் ஐசோதாலிக் அமிலம் கொஞ்சம் சங்கிலிக்குள்ளேயே கோத்திருப்பார்கள், படிகமாவதைத் தாமதப்படுத்தவே. அது ரீசைக்கிளிலும் அப்படியே தொடரும். அதைவிட மோசம் பெட்-ஜி என்ற மாற்றிய பெட் வகை. அது படிகமே ஆகாது, வெறும் கண்ணுக்குப் பெட் மாதிரியே இருக்கும். உலர்த்தியில் மற்ற சில்லெல்லாம் படிகமாகி உதிரியாக நிற்கும்போது இது இளகிப் பசையாகிப் பக்கத்துச் சில்லுகளையும் கட்டிக்கொள்ளும். ஒருநாள் உலர்த்தியின் வாயைத் திறந்து பார்த்தபோது ஒரு ஆள் தலை அளவுக்குக் கட்டி அடைத்திருந்தது. உடைத்துப் பார்த்தோம், நடுவில் பளபளவென்று கண்ணாடி மாதிரி இளகின சில்லுகள், சுற்றிலும் வெள்ளையாகப் படிகமான சில்லுகள் ஒட்டிக்கொண்டு. படிகமானது எது, ஆகாதது எது என்பதை அப்படிக் கையில் வைத்துப் பார்த்தது எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

---

வெப்பவரைபடம் பதில்:

எம்.எஃப்.ஐ. கேள்விக்கு வருகிறேன். பி.பி.யில் உருக்கும்போது சங்கிலி அறுவது உண்மை, எம்.எஃப்.ஐ. ஏறுவது அதனால்தான். ஆனால் படிக வெப்பநிலையில் அதன் பங்கு கருவோடு ஒப்பிட்டால் சின்னது. உங்கள் மூன்று லாட்டிலும் எம்.எஃப்.ஐ. ஒன்றாக இருந்தும் நடத்தை வேறாக இருப்பதே, வித்தியாசம் சங்கிலியில் இல்லை, கருவில் இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. ஒரு விலக்கு மட்டும் உண்டு. மிக நீண்ட சங்கிலிகள் சிறு அளவில் இருந்தாலும் ஓட்டத்தில் இழுபட்டு அவையே கருவரிசையாக மாறும், மோல்டின் சுவரோரம் தோல் மாதிரித் திசையுள்ள அடுக்கு உருவாவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. எம்.எஃப்.ஐ. சராசரியைத்தான் காட்டும், இந்த நீண்ட வாலைக் காட்டாது.

ஆன்டி ஆக்சிடன்ட் நேரடியாக நியூக்ளியேட்டர் இல்லை. 1010, 168 என்ற எண்ணில் விற்கும் வகைகள் மாதிரியானவை சங்கிலி அறுவதைத் தடுக்கும், அவ்வளவே. ஆனாலும் ரீசைக்கிளில் அதைப் போடுங்கள் என்பேன், வேறு காரணத்துக்காக. பழைய பொருளில் இருந்த நிலைப்படுத்தி தன் வாழ்நாளில் தீர்ந்துபோயிருக்கும். பாதுகாப்பு இல்லாமல் வெயிலில் கிடந்தால் அறுந்த குட்டைச் சங்கிலிகள் திடநிலையிலேயே மறுபடி அடுக்காகி மேற்பரப்பில் படிகத்தன்மை கூடும், அடர்த்தி கூடிச் சுருங்கும், நுண்விரிசல் விடும். வெளுத்துப்போய்த் தொட்டாலே பொடியாகும் பழைய நாற்காலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதன் மேல்தோலில் நடந்தது அதுதான். உங்கள் மூடி வெயிலில் இருக்குமானால் இது உங்களுக்கும் பொருந்தும்.

---

மோல்டிங்தளம்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். வந்த விவரத்தை எழுதிவிடுகிறேன், அடுத்துத் தேடி வருபவருக்குப் பயன்படும்.

சாம்பல்: முதல் லாட் 1 சதவீதத்துக்கும் கீழே. இரண்டாவது லாட் 8 சதவீதம், அமிலம் விட்டால் லேசாக மட்டும் நுரைத்தது, மிச்சம் வழவழவென்று இருந்தது. மூன்றாவது 5 சதவீதம், பொங்கி நுரைத்தது. பெட்சில்லு அண்ணன் கட்டியை உடைத்துப் பார்த்த மாதிரி நானும் மூன்று கிண்ணத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே மாதிரிக் குருணை என்று நினைத்திருந்தது, ஒன்றில் கிண்ணத்தின் அடி தெரிகிறது, ஒன்றில் வெள்ளை மாவு குவிந்திருக்கிறது.

டி.எஸ்.சி. ஆறும் உச்சி, எதுவும் சேர்க்காமல்: முதல் லாட் 115, இரண்டாவது 124, மூன்றாவது 118. சோடியம் பென்சோயேட் போட்ட பிறகு முதலாவது 125க்குப் போனது, இரண்டாவது அசையவில்லை, மூன்றாவது 120. மூன்றாவதில் சூடாக்கும்போது 127 பக்கம் பி.இ. மேடும் தெளிவாக இருந்தது, ஆகவே 118 என்பதை நான் முழுசாக நம்பவில்லை. அதில் 2 டிகிரிதான் ஏறியதற்குக் கால்சியம் ஸ்டியரேட் காரணமாக இருக்கும் என்று கலவைஉருளை சொன்னதை வைத்து, அதே லாட்டில் சோடியம் பென்சோயேட்டை நிறுத்திவிட்டு 1 சதவீதம் நுண் டால்க் போட்டேன். 124 வந்தது, மூன்று லாட்டும் இப்போது ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் நிற்கின்றன. சைக்கிள் நேரத்தை ஒரே அமைப்பில் வைத்து ஓட்டுகிறோம், லாட் மாறும்போது ஆபரேட்டர் டைமரைத் தொடுவதில்லை.

நீலம்: டால்க் போட்டதும் குழிவு பாதியாகக் குறைந்தது, போகவில்லை. நிறமியை அல்ட்ராமரைனுக்கு மாற்றிக் காட்டினோம், வாடிக்கையாளர் சாயல் கொஞ்சம் ஊதாவாக இருக்கிறது என்றார், ஆனால் மூடி தட்டையாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு விஷயம் மிச்சம். மோல்டிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்தில் அளந்தால் சரியாக இருக்கிறது, மறுநாள் விட்டம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. இது சகஜம்தானா?

---

கலவைஉருளை பதில்:

சகஜம். பி.பி. அறை வெப்பநிலையிலும் மெதுவாகப் படிகமாகிக்கொண்டேதான் இருக்கும், சுருக்கத்தில் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்தில் முடியும். 48 மணி நேரம் கழித்து அளந்த விட்டத்தையே உங்கள் கணக்கில் எழுதுங்கள், ஒரு மணி நேர அளவை மெஷின் பக்கத்தில் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூடிகளைச் சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், அடியில் உள்ளது மெதுவாக ஆறும், அது வேறு அளவுக்குச் சுருங்கும். அப்புறம் அடுத்த லாட் வந்ததும் அந்தச் சாம்பல் கிண்ணத்தை முதலில் வையுங்கள், குருணையை ஹாப்பரில் கொட்டுவதற்கு முன்னாலேயே.